லிஃப்ட் வாடகைக்கு, ஸ்பேனர் இலவசம்

"மெக்கானிக்குக் கூலி முந்நூறு ரூபா. அதைக் குடுத்துட்டு டீக்கடையில உக்காந்திருந்தா அரை மணி நேரத்துல வண்டி ரெடி. நான் எதுக்கு உனக்கு வாடகை குடுத்து, சட்டையெல்லாம் கிரீஸ் பூசிக்கிட்டு, என் வண்டிய நானே கழட்டணும்?"

புதுச்சேரியில் மணிக்கணக்கு வாடகைக்கு ஒரு பட்டறை ஆரம்பிக்கப் போகிறேன் என்று சொன்னதும் என் மாமா கேட்டது இது. அதையே கொஞ்சம் மரியாதையாகக் கடன் கேட்டுப் போன இடத்திலும் கேட்டார்கள். கேள்வியில் தப்பு ஒன்றுமில்லை. இந்தத் தொழில் நிற்குமா விழுமா என்பதே அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். ஒரு பெரிய ஷெட். அதில் கார் தூக்கும் லிஃப்ட், தரையில் இரண்டு கார் நிறுத்தும் இடம், ஓரமாக பைக் மேடைகள், கம்ப்ரஸர், ஒரு சுவர் முழுக்க ஸ்பேனர்கள். வண்டிக்காரர் ஸ்பேர் பார்ட்ஸை வாங்கிக்கொண்டு வருவார். இடத்தையும் கருவிகளையும் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்துத் தன் வேலையைத் தானே செய்துவிட்டுப் போவார். பட்டறை வைத்திருப்பவன் வண்டியில் கை வைக்க மாட்டான்.

வெளிநாட்டில் இது பழைய சங்கதி. அமெரிக்காவில் ராணுவ முகாம்களுக்குள் சிப்பாய்கள் சொந்த வண்டியைப் பார்த்துக்கொள்ள இப்படிப்பட்ட ஷெட்கள் பல காலமாக உண்டு. ஜெர்மனியில் லிஃப்ட்டை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பட்டறைகள் சாதாரணம். பிரான்ஸில் செல்ஃப் கராஜ் என்பார்கள். எனக்கு இதைப் பற்றி முதலில் சொன்னவர் எங்கள் தெருவிலிருக்கும் ஒரு சொல்தா. புதுச்சேரிக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷனோடு ஊர் திரும்பிய நம்மாட்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அங்கே சனிக்கிழமையானால் லிஃப்ட்டைப் பிடித்துத் தன் பழைய பெஜோ காருக்குத் தானே பிரேக் போடுவாராம். "இங்க அதுக்கு எடமே இல்லியேப்பா" என்று நல்ல வெயிலில் வாசலில் ஜாக்கி போட்டுக்கொண்டே அலுத்துக்கொள்வார்.

ஆனால் அந்த நாட்டுக் கணக்கை அப்படியே இங்கே இறக்க முடியாது. அமெரிக்காவில் மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலி நூறு டாலரைத் தாண்டுவது சகஜம். வாடகை ஷெட்டுக்குப் போனால் அந்தக் கூலி முழுக்க மிச்சம். வீட்டு வாசலில் ஆயில் மாற்றக் கூடாது என்று குடியிருப்பு விதிகளும் இருக்கும். மனிதர்களுக்குப் போக்கிடம் வேண்டும், வருகிறார்கள். நமக்கோ இடத்தைவிட ஆள் மலிவு. வாசலில் ஆயில் மாற்றினால் கேட்க நாதியில்லை. மிஞ்சிப் போனால் பக்கத்து வீட்டு அக்கா கோலத்தில் கறை பட்டுவிட்டது என்று சத்தம் போடுவார்.

ஆக, கூலி மிச்சம் என்று சொல்லி இங்கே ஒருவரையும் உள்ளே இழுக்க முடியாது. முதலில் இதை ஒத்துக்கொண்டு, அப்புறம்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

எனக்கு நம்பிக்கை கொடுத்தது ஃபென்ஜல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் பைக்கெல்லாம் சீட் வரைக்கும் தண்ணீரில் நின்றன. அந்தப் பக்கம் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் கரையோரப் பகுதிகளையும் மூழ்கடித்தது. தண்ணீர் வடிந்ததும் ஊரிலுள்ள மெக்கானிக் கடை அத்தனையிலும் வரிசை. என் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் "அடுத்த வாரம் வாண்ணா" என்கிறார்கள்.

முழுகின வண்டிக்குச் செய்ய வேண்டிய முதலுதவி பெரிய வித்தையில்லை. ஸ்டார்ட் செய்யக் கூடாது, அதுதான் முக்கியம். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டன் மேலே வரும்போது காற்றைப்போல் அது அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பைக் என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை உதைத்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயிலை இறக்கிப் பார்த்தால் பால் அதிகமான டீ நிறத்தில் வரும். அதை முழுக்க வடித்துப் புதுசு ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி மாற்ற வேண்டும். ஏர் ஃபில்டர் புதுசு. இவ்வளவுதான். தேவை ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு ரிங் ஸ்பேனர், ஆயில் பிடிக்க ஒரு டப், மழை படாத ஒரு கூரை. அந்த வாரம் எங்கள் தெருவில் பாதிப் பேர் இதைத் தாங்களே செய்யத் தயாராக இருந்தார்கள். செய்ய இடமில்லை, ஸ்பேனரும் இல்லை. எல்லா வீட்டிலும் ஒரு கட்டிங் பிளேயர் இருக்கிறது, ஒரு டெஸ்டர் இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையை ஒட்டி ஷெட் பிடித்தேன். லாரி முனையம் பக்கத்தில் இருப்பதால் லேத் பட்டறை, ரேடியேட்டர் கடை, பட்டை (லீஃப் ஸ்பிரிங்) கட்டுபவர் எல்லாம் நடந்து போகிற தூரம். கடற்கரைச் சாலையோரம் கிடைத்த ஓர் இடத்தை வாடகை குறைவாக இருந்தும் விட்டேன். உப்புக் காத்து. அங்கே வைத்தால் கருவிப் பலகையைத் துடைப்பதற்கே ஓர் ஆள் போட வேண்டும்.

ஷெட் பார்க்கும்போது எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது தரையை. இரண்டு தூண் லிஃப்ட், நான்கு டன் தூக்குவது, அந்த இரண்டு தூணும் தரையில் போல்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. விற்றவர்கள் ஆறு அங்குலத்துக்குக் குறையாத நல்ல கான்கிரீட் வேண்டும் என்றார்கள். அங்கே இருந்ததோ மண்ணின் மேல் இழைத்த மூன்று அங்குலத் தளம். மேலே ஒரு இன்னோவா நிற்கும், கீழே ஒரு மனிதன் நிற்பான். அந்த இடத்தை வெட்டி, கம்பி கட்டி, புதுத் தளம் போட்டு, நன்றாக ஊற விட்டுத்தான் தூணை நட்டோம். இந்தச் செலவு எந்த புராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் வராது.

நம்மூர்ப் பட்டறைகளில் லிஃப்ட்டுக்குப் பதில் பள்ளம் தோண்டி வைத்திருப்பார்கள். சிக்கனம்தான், கரண்ட் தேவையில்லை. ஆனால் கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் இடங்களில் ஐப்பசி, கார்த்திகையில் பள்ளத்துக்குள் ஊற்று கிளம்பிவிடும். இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். பழக்கப்பட்ட மெக்கானிக் மட்டும் இறங்கும் பள்ளம் வேறு. வருகிறவர் போகிறவர் எல்லாம் இறங்கும் பள்ளம் வேறு. அதனால் வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

லிஃப்ட்டில் ஒரு சங்கதி இருக்கிறது, வாங்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள். மோட்டார் ஹைட்ராலிக் ஆயிலைத் தள்ளி வண்டியைத் தூக்கும். தூக்கிய பிறகு இரும்புப் பல்லில் உட்கார வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கீழே போக வேண்டும். இறக்கும்போது கரண்ட் தேவையில்லை, வண்டியின் எடையே போதும். ஆனால் பூட்டை விடுவிக்க முதலில் ஓர் அங்குலம் மேலே தூக்க வேண்டும். அதற்கு மோட்டார் ஓட வேண்டும். ஆக, பூட்டில் உட்கார்ந்திருக்கும்போது கரண்ட் போனால் வண்டி ஆறடி உயரத்தில் அப்படியே நிற்கும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அப்படித்தான் ஆயிற்று. மேலே ஸ்விஃப்ட். கீழே அதன் சொந்தக்காரர், "நாலு மணிக்குப் பொண்ணு பாக்கப் போவணும் சார், மாப்பிள்ளையே நான்தான்" என்கிறார். பக்கத்துப் பட்டறை ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்து இறக்கினோம். ஜெனரேட்டர் இப்போது எங்களிடமே இருக்கிறது. மாப்பிள்ளைக்கு இடம் அமைந்ததா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

இனி கணக்கு. மாதாமாதம் ஷெட் வாடகை 28,000. ஒரு மேஸ்திரியின் சம்பளம் 18,000. லிஃப்ட், கம்ப்ரஸர் கடன் தவணை 15,000. கரண்ட், மற்றவை 6,000. கருவி தேய்மானம், தொலைவது, கைத்துணி, சோப்பு, மரத்தூள் எல்லாம் சேர்த்து 8,000. மொத்தம் 75,000. மாதம் 26 நாள் திறந்தால் நாள் ஒன்றுக்கு 2,900 ரூபாய் வந்தாக வேண்டும், எனக்கென்று ஒரு பைசா எடுக்காமலே.

வாடகை இப்படி வைத்தேன்: லிஃப்ட் மணிக்கு 350, தரையில் கார் நிறுத்தும் இடம் 150, பைக் மேடை 60. லிஃப்ட் நாலு மணி நேரம் ஓடினால் 1,400. இரண்டு கார் இடமும் மும்மூன்று மணி நேரம் என்றால் 900. மூன்று பைக் மேடையும் அதேபோல் என்றால் 540. கூட்டினால் 2,840. கிட்டத்தட்டக் கையைக் கடிக்காமல் நிற்கும். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எவன் தன் காருக்குத் தானே பிரேக் பேட் மாற்ற வருவான்? ஆபீசில் இருப்பான். வண்டி மேல் ஆசை உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். ஈசிஆரில் சென்னையிலிருந்து பைக்கில் வரும் பையன்கள் செயின் கழுவி ஆயில் போட வருவதும் ஞாயிறு காலைதான். ஞாயிறு நிரம்பி வழியும், திங்களிலிருந்து வெள்ளி வரை ஈ ஓட்டலாம். இந்தத் தொழிலை ஆரம்பிக்க நினைப்பவர்கள் ஷெட்டையும் லிஃப்ட்டையும் பற்றிக் கவலைப்படுவதைவிட இந்த ஐந்து நாளைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

அந்த ஐந்து நாளை நிரப்பியவர்கள் யார் என்பதைச் சொல்வதற்கு முன் ஒரு குட்டி யானையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடலூர் தாழங்குடாவிலிருந்து மீன் ஏற்றும் டாடா ஏஸ் வண்டி. பின்பக்கப் பட்டையில் மெயின் லீஃப் உடைந்துபோய் வந்தது. ஓட்டுபவர் முப்பது வயதுப் பையன், சொந்த வண்டி, கை வேலை ஓரளவு தெரியும். புதுப் பட்டை, புது யூ போல்ட் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மணிக் கணக்கைத் தொடங்கினோம். மீன் வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மேலே ஐஸ் உருக உருக உப்பும் மீன் தண்ணீரும் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். யூ போல்ட் எது, நட் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்து ஒரே செங்கல் நிறக் கட்டியாக இருந்தது. ஒயர் பிரஷ் போட்டார். டீசல் ஊற்றி ஊற வைத்தார். ஸ்பேனரில் பைப்பைச் செருகித் தொங்கினார். முனை மழுங்கியதுதான் மிச்சம். ஒவ்வொரு முறை ஸ்பேனர் வழுக்கும்போதும் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கிறார். அந்தப் பார்வை எனக்கு என்னவோ போலிருந்தது. போல்ட் துரு பிடித்ததற்கு அவர் எனக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் மேஸ்திரி பஸ் டெப்போவில் இருந்து ஓய்வு பெற்றவர். டீயைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாக வந்து குனிந்து பார்த்தார். "புது யூ போல்ட் வாங்கியாந்திருக்கியா?"

"வாங்கியாந்திருக்கேண்ணா."

"அப்புறம் இன்னாத்துக்கு இதைக் காப்பாத்திக்கினு கெடக்குற? கழட்டுனா பழச மறுபடி போடக் கூடாது. எப்படியும் குப்பைக்குப் போறதுதான். பிரேக் டியூபுக்கு ஒரு தகரத்தை மறைச்சு வச்சிட்டு கிரைண்டர்ல வெட்டு."

கால் மணி நேரத்தில் நாலு நட்டும் கீழே விழுந்தன.

அன்றைக்கு இரண்டு முடிவு எடுத்தேன். இறுகிய போல்ட்டோடு போராடும் நேரத்துக்கு வாடகை கிடையாது. மேஸ்திரி வந்து பார்த்து "இது மெய்யாலுமே இறுகிதான் கெடக்கு" என்று சொன்னால் கடிகாரம் நிற்கும். இதை வைத்து ஏமாற்றப் பார்க்கிறவர்கள் உண்டு, சும்மா ஸ்பேனரை மாட்டிவிட்டு முக்குகிறவர்கள். டெப்போவில் முப்பது வருஷம் ஓட்டியவரிடம் அது பலிக்காது. இரண்டாவது, மேஸ்திரியின் சம்பளத்தைக் கூட்டினேன். வருகிறவர்கள் காசு கொடுப்பது ஷெட்டுக்கும் லிஃப்ட்டுக்கும் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். தாங்களே செய்யும்போது விபரீதமாக எதுவும் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள, கையை வைக்காமல் வாயை மட்டும் வைக்கிற ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்பதற்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். இது இல்லாமல் வெறும் இடமும் கருவியும் மட்டும் வைத்தால் நம்மூரில் ஒரு மாதம் தாங்காது என்பது என் எண்ணம்.

லாஸ்பேட்டையில் இருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் மாருதி 800-ஐக் கொண்டுவருவார். அந்த வண்டியின் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. அவருக்குக் கூலி ஒரு பொருட்டே இல்லை. "பில்லில் ஆயில் ஃபில்டர் மாத்தினதா போடறாங்க. மாத்துறாங்களான்னு யாருக்குத் தெரியும்? இங்க நானே மாத்தறேன், எனக்குத் தெரியும்" என்பார். பழைய ஃபில்டரை ஒரு பாலிதீன் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறார். எதற்கென்று இதுவரை கேட்கவில்லை. ஜிப்மரில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண் முதலில் தன் ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்ற வந்தார், அப்புறம் தோழிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பைக் மேடையில் அவர்கள் நிற்கும் ஞாயிறுகளில் கருவிகள் எல்லாம் இருந்த இடத்துக்குச் சரியாகத் திரும்பி வரும். மற்ற நாட்களில் பத்தாம் நம்பர் சாக்கெட்டுக்கு மட்டும் கால் முளைத்துவிடும். பலகையில் ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் பெயின்டால் வரைந்து வைத்திருக்கிறேன், வெறும் வடிவம் தெரிந்தால் வண்டிச் சாவி கொடுக்கப்படாது. அப்படியும் தொலைகிறது. பத்தாம் நம்பரை மட்டும் டஜனாக வாங்குகிறேன்.

அந்த ஐந்து நாட்களுக்கு வருவோம்.

திறந்த புதிதில் சுற்றுவட்டார மெக்கானிக்குகள் என்னை முறைத்தார்கள். அரியாங்குப்பத்தில் பூவரச மரத்தடியில் கார் வேலை பார்க்கும் ஒருவர் நேராகவே வந்து கேட்டார்: "இன்னா தம்பி, என் கஸ்டமரயெல்லாம் கூட்டியாந்து ஸ்பேனர் புடிக்கச் சொல்லிக் குடுக்கப் போறியா?" உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். பேச்சு வாக்கில் அவர் கண் லிஃப்ட் மேலேயே இருந்தது. அவருக்கு ஷெட் கிடையாது. மழை பெய்தால் வேலையில்லை. கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமென்றால் காரை ஜாக்கியில் தூக்கி, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்துக்கொண்டு, கியர் பாக்ஸை நெஞ்சின் மேல் இறக்கி வாங்குவார். முப்பது கிலோ சுமாருக்கு இருக்கும். ஒரு நாள் முழுக்கப் போய்விடும், ராத்திரி முதுகு வலி.

"ஒரு தடவை இங்க கொண்டாந்து பண்ணிப் பாருங்கண்ணா, காசு வேணாம்" என்றேன்.

நின்றுகொண்டே வேலை பார்த்தார். கியர் பாக்ஸ் ஜாக்கியில் வைத்து இறக்கினார். மூன்று மணி நேரத்தில் வண்டி ஓடியது. அன்றைக்கு அவர் போட்ட மனக்கணக்கு இதுதான்: லிஃப்ட் வாடகை மூன்று மணிக்கு 1,050, கஸ்டமரிடம் கூலி 2,800, மிச்ச நேரத்தில் இன்னொரு வண்டி. அடுத்த வாரம் அவரே வந்தார். அப்புறம் வில்லியனூரிலிருந்து ஒருவர், தவளக்குப்பத்திலிருந்து இரண்டு பேர், ஐடிஐ முடித்துவிட்டு சர்வீஸ் சென்டர் வேலையை விட்ட ஒரு பையன். அவர்களுக்கென்று பத்து மணி நேர அட்டை ஒன்று அச்சடித்தேன், கொஞ்சம் விலை குறைத்து. திங்கள் முதல் வெள்ளி வரை ஷெட் அவர்களுடையது. ஞாயிறு வண்டிக்காரர்களுடையது. சனிக்கிழமை இரண்டு கூட்டமும் கலந்திருக்கும். தன் காரோடு மல்லுக்கட்டும் வங்கி அதிகாரிக்குப் பக்கத்து மேடையிலிருந்து மெக்கானிக் ஒருவர் "சார், அது இடம்புரி மரை, எதிர்ப்பக்கம் திருப்புங்க" என்று குரல் கொடுப்பார். அப்படிப் பழகி, பெரிய வேலை வரும்போது அந்த அதிகாரி அதே மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுத்ததும் நடந்திருக்கிறது.

தானே செய்துகொள்ளும் பட்டறை என்று வெளிநாட்டைப் பார்த்து ஆரம்பித்தது, இங்கே கூரையில்லாத மெக்கானிக்குகளின் கூரையாகத்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறது. கூலி மலிவான ஊரில் கூலிக்காரரே வாடிக்கையாளராக வர முடியும் என்பதுதான் மாமாவுக்கு நான் வைத்திருக்கும் பதில். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டியை மட்டும் வாரம் தவறாமல் இங்கேதான் கழுவுகிறார், வாடகை தராமல்.

தொந்தரவுகளுக்குக் குறைவில்லை. பெரிய தொந்தரவு பாதியில் நிற்கும் வண்டி. லிஃப்ட்டில் ஏற்றிக் கழற்றிய பிறகுதான் வாங்கி வந்த புஷ் வேறு மாடலுக்கானது என்று தெரியும். சரியானது சென்னையிலிருந்து பார்சலில் வர வேண்டும், நாளைக்குத்தான் வரும். வண்டிக்குச் சக்கரம் இல்லை, இறக்க முடியாது. லிஃப்ட் இரண்டு நாள் முடக்கம், அடுத்து புக் செய்தவர்கள் வாசலில். இப்போது நான்கு சக்கரத்துக்கும் அடியில் வைத்துத் தள்ளும் டிராலி வைத்திருக்கிறோம், கழற்றிய வண்டியைப் பின்பக்க ஷெட்டுக்குத் தள்ளிவிடலாம். அதைவிடப் பயன்பட்டது ஒரு சாதாரண வழக்கம்: புதுப் பாகத்தை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து மேஸ்திரியிடம் காட்டாமல் ஒரு நட்டைக்கூடத் தொடக் கூடாது.

அப்புறம் குடி. இது புதுச்சேரி. விடுமுறைக்கு வந்து இரண்டு பீரைப் போட்டுவிட்டு பைக் செயினைச் சரிபண்ண வருபவர்கள் உண்டு. "ஒண்ணே ஒண்ணுதாண்ணா" என்பார்கள். ஊதிப் பார்க்கும் கருவி ஒன்றை கல்லாவில் வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் ஊதச் சொல்வேன், கோபித்துக்கொண்டு போனால் போகட்டும். இரண்டு டன் இரும்புக்கு அடியில் நிற்க அனுப்பும்போது தாட்சண்யம் பார்க்க முடியாது. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது, ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும். ஏர்பேக், ஏசி கேஸ், சிஎன்ஜி, எலெக்ட்ரிக் வண்டியின் ஆரஞ்சு நிற ஹை வோல்டேஜ் ஒயர் இதெல்லாம் இங்கே தொடவே கூடாது. பெட்ரோல் டேங்கில் வெல்டிங் என்ற பேச்சே கிடையாது. முன்பக்க சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும் வேலையை மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தான் செய்யலாம், அந்த ஸ்பிரிங் விடுபட்டால் முகம் போய்விடும். எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறோம். ஆனால் அந்தக் காகிதத்தை நம்பித் தூங்க முடியாது, நம் கருவியில் பழுது இருந்து அடிபட்டால் கையெழுத்து காப்பாற்றாது என்று வக்கீல் நண்பர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மூன்றாம் நபர் காயத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கப் போனால் அந்தப் படிவத்தில் எங்களைப் போட ஒரு கட்டமே இல்லை. சர்வீஸ் ஸ்டேஷனா, ஒர்க்‌ஷாப்பா, வாடகைக் கடையா? உரிமம் வாங்கப் போன அலுவலகத்திலும் இதே கூத்துதான். கடைசியில் ஒர்க்‌ஷாப் என்றே வாங்கினோம். ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி கட்டாயம் என்பதால் அந்தத் தலைவலி இன்னும் வரவில்லை.

பழைய ஆயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பைக்குக்கு ஒரு லிட்டர், சின்ன காருக்கு மூன்று மூன்றரை லிட்டர் என்று சேர்ந்து பேரல் நிரம்பிவிடும். அதை வாங்க வாசலில் ஆள் நிற்கிறார்கள், கட்டட வேலைக்காரர்கள், சென்ட்ரிங் பலகையில் தடவ. நல்ல காசும் தருகிறார்கள். ஆனால் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். அப்படித்தான் அனுப்புகிறோம், காசு குறைவு. புதுச்சேரி குடிப்பது நிலத்தடி நீர். சென்ட்ரிங் பலகையில் தடவியது மழையில் எங்கே போகும் என்று யோசித்தால் அந்தக் காசு வேண்டாம் என்றுதான் தோன்றும். சிலர் ஆயிலை வீட்டிலேயே மாற்றிவிட்டுப் பழசை மட்டும் கேனில் கொண்டுவந்து இங்கே ஊற்றிவிட்டுப் போகிறார்கள். அதற்குக் காசு வாங்குவதில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம்தான் வருஷத்திலேயே அதிகக் கூட்டம். அழுக்கு வண்டிக்கு யாரும் சந்தனம், குங்குமம் வைக்க மாட்டார்கள். வாகனம் கழுவும் இடத்தை அந்த வாரம் மட்டும் அரை மணிக் கணக்கில் விடுகிறேன்.

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு நண்பர், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இதே மாதிரி போடலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். போடலாம், ஆனால் என்னுடையதைப் பார்த்து அப்படியே போட வேண்டாம் என்றேன். அங்கே கார் ஆர்வலர்களைவிட மீன் வண்டியும் லோடு ஆட்டோவும்தான் அதிகம். லிஃப்ட்டுக்குப் போடும் பணத்தில் உயரமாக ஒரு சிமென்ட் மேடை கட்டலாம். வண்டியை ஓட்டி ஏற்றிவிட்டு அடியில் நிமிர்ந்து நின்று வேலை பார்க்கலாம், வெள்ளம் வந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, கரண்ட் போனாலும் கவலையில்லை. அடிப்பாகத்து உப்பைக் கழுவ நல்ல பிரஷர் பம்பு, பட்டை வேலைக்குப் பெரிய ஸ்பேனர் செட், இரண்டு கிரைண்டர். வாடகையை மணிக்கணக்கில் வைக்காமல் வேலைக் கணக்கில் வைக்கலாம், பட்டை மாற்ற இவ்வளவு, பிரேக் ஷூ மாற்ற இவ்வளவு என்று. உப்பு பிடித்த வண்டிக்கு மணிக்கணக்கு போட்டால் வாடிக்கையாளர் தாங்க மாட்டார். மேஸ்திரிக்கு மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள் என்றேன். "உங்க மேஸ்திரிக்குத் தெரிஞ்சவங்க டெப்போவுல இன்னும் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். இரண்டு பேர் இருக்கிறார்கள், அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார்கள். நம்பர் கொடுத்திருக்கிறேன்.